முதல் கிளாஸ்

டீயின் மேல் ஆசைப்பட்டு நான் குடித்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மைமூன் கூட, "ஏன்க்கா, அம்புட்டு ருசியா அது?" என்று கேட்டாள். ருசியா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது என் வேலை.

எழுதத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். அப்பா கல்லுடைப்பவர். எங்கே அணை கட்டினாலும் எங்கள் குடும்பம் அங்கே கூடாரம் போடும். பவானிசாகரில் ஒரு தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடம், வைகையில் ஓர் ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம், அதோடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகும் என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் மாணிக்கம் குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிற குடும்பம். தறியை விட்டு அவராகத்தான் வெளியே வந்தார். ஆனால் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது நான். செங்கல் சூளை, ரயில் பாதை, சர்க்கரை ஆலை. ஓர் இடம் அலுத்துப் போனால் மூட்டையைக் கட்டிவிடுவேன். "பூமிக்கு அடியில கரி எடுக்கறாங்களாம், கேட்டவனுக்கெல்லாம் வேலையாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் நெய்வேலிக்கு வந்தோம். மந்தாரக்குப்பத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அவருக்குக் குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு அடிக்கும் வேலை கிடைத்தது. எனக்குச் சுரங்கத்தில், ஒரு காண்ட்ராக்டரிடம், டீ போடுகிற வேலை.

இதற்கு முன்னால் இரண்டு முறை எனக்கு வயிற்றில் தங்கி, தங்கின சுவடு தெரியாமல் போயிருந்தது. ஒன்று சூளையில், ஒன்று ரயில் பாதையில். மூன்றாவது நெய்வேலியில் தங்கியது. நான்காம் மாதம் தாண்டியது, ஐந்தாம் மாதம் உள்ளே அசைந்தது. இது நிற்கும் என்று நம்பினேன். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், முதல் முறையாக, ஓர் ஊரைவிட்டுக் கிளம்பாமல் இருந்தேன்.

சுரங்கத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்புக்குப் பம்பு ஆட்கள் உண்டு. அவர்கள் தூங்கக் கூடாது. அதற்காகத்தான் காண்ட்ராக்டர் டீ கொடுத்தார். பகலில் டீ, ராத்திரி ஷிப்டுக்குக் கெட்டிக் காபி. நான் போட்டு, பெரிய கெட்டிலில் ஊற்றி, பம்பு பம்பாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நான் சேருவதற்கு முன்னால் டீ போட்ட ஆள் ஒருநாள் கெட்டிலை மூடாமல் வைத்திருக்கிறான். பல்லி விழுந்துவிட்டது. குடித்தவர்கள் எல்லோரும் வாந்தி எடுத்துப் படுத்துவிட, ஒரு பம்பைப் பார்க்க ஆளில்லாமல் பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம். அவனை விரட்டிவிட்டு, கண்ணுசாமி மேஸ்திரி ஒரு சட்டம் போட்டார். டீ போட்டவர்தான் முதல் கிளாஸ் குடிக்க வேண்டும், அதுவும் ஆட்கள் கண்ணெதிரே. வேலையில் சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் ஒரு பம்பில் குடித்தது அடுத்த பம்பில் செல்லாது. அங்கே இருப்பவர்கள் நான் குடித்ததைப் பார்க்கவில்லையே. அதனால் ஒவ்வொரு பம்பிலும் ஒரு கிளாஸ். ஒவ்வொரு நடையிலும் அப்படியே. பாவாடை என்று ஒரு பம்புக்காரர் இருந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். வேடிக்கைக்காரர்.

"அக்கா, குடிச்சிட்டு அப்பிடியே நில்லு. கொஞ்ச நேரம் பாப்போம். உசுரோட நின்னுகினு இருந்தியானா நாங்க குடிக்கறோம்" என்பார்.

"செத்துட்டா?"

"செத்துட்டா டீ நல்லா இல்லன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடுவோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த பம்புக்குப் போவேன்.

வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சுரங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மேஸ்திரி வயிற்றுப் பிள்ளைக்காரிகளை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். புடவையை அகலமாக இழுத்துச் செருகிக்கொண்டேன். வயிறும் பெரிதாகத் தெரியவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோறு இறங்கவில்லை. மசக்கை என்று விட்டுவிட்டேன். டீ உள்ளே போய்க்கொண்டே இருந்ததால் பசியே தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வராது, நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். கரி தின்ன ஆரம்பித்தேன். அந்தப் பழுப்புக் கரி கையில் உடைத்தால் மரக்கட்டை போல உதிரும். மழை பெய்த பிறகு வருகிற வாசம் அதில் இருக்கும். ஒரு துண்டு வாயில் போட்டால் இன்னொன்று கேட்கும். முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு பகல் வேளை, பாவாடையின் பம்பு அருகே, முதல் கிளாஸைக் குடித்துவிட்டு நின்றேன். கண் இருட்டியது. கெட்டிலைக் கீழே வைத்தேன் என்றுதான் நினைத்தேன். விழுந்தது நான்.

"ஐயோ, டீயில என்னாத்தடா போட்டு வெச்சா?" என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. என்னைத் தூக்குவதற்கு முன்னால் ஒருவன் கெட்டிலைக் கவிழ்த்து டீயைக் கொட்டினான். அதையும் பார்த்தேன்.

கரி லாரியில் ஏற்றி, மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். காத்திருக்கிற இடம் என்பது ஒரு தாழ்வாரம், இரண்டு பெஞ்சு. அங்கே எல்லோருக்கும் பெரிய வயிறு. வரிசையில் என் வயிற்றைப் பார்த்த ஒருத்தி, "மூணாம் மாசமா?" என்று கேட்டாள். ஏழு என்றேன். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். பயம் எனக்குள் வந்தது அப்போதுதான்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"மண்ணு திங்கிறியா?"

"இல்லைங்க."

"சாம்பல்? சாக்கட்டி?"

நான் முந்தானை முடிச்சை மூடிக்கொண்டேன். அவர் கையை நீட்டினார். அவிழ்த்துக் காட்டினேன்.

"கரியா!" என்றார். திட்டவில்லை. அந்தத் துண்டை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தாளில் ஒற்றினார்கள். ஓர் அட்டையில் வெளிர்ச் சிவப்பில் தொடங்கி அடர் சிவப்பு வரை கட்டம் கட்டமாக நிறம் இருந்தது. என் ரத்தத்தை அதன் பக்கத்தில் வைத்து எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். என்னுடையது வெளிறிய பக்கத்தில் போய் நின்றது. ரத்த சோகை என்றார். ரத்தத்தைச் சிவப்பாக்குவது இரும்புச் சத்து, அது உனக்கு இல்லை, இரும்பு குறைந்தவர்களுக்கு மண்ணும் கரியும் தின்னத் தோன்றும் என்றார். பிறகு புனல் மாதிரி ஒரு குழாயை வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். அதுவரை நான் மூச்சு விடவில்லை.

"துடிக்குது" என்றார். "ஆனா குழந்தை மாசத்துக்கு ஏத்த மாதிரி வளரலை. இங்கேயே படு. எழுந்திருக்கக் கூடாது."

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். சோறு, குழம்பு என்று பொதுவாகச் சொன்னேன். டீ குடிப்பாயா என்றார். குடிப்பேன் என்றேன்.

"எத்தனை?"

"எண்ணினதில்லைங்க."

"எண்ண முடியாத அளவுக்கு யாராவது டீ குடிப்பாங்களா?"

முதல் கிளாஸ் சட்டத்தைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். டீயிலும் காபியிலும் காஃபீன் என்று ஒன்று இருக்கிறது. தூக்கத்தை விரட்டுவதும் நெஞ்சைப் படபடக்க வைப்பதும் அதுதான். தாய் குடிப்பது தாயோடு நிற்பதில்லை, கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. "அது உள்ளே இருக்கிற குழந்தையை என்ன பண்ணும்னு எனக்கு முழுசாத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். ஆனா உன்னை என்ன பண்ணியிருக்குன்னு கண்ணால பாக்கறேன். பசியை அடைச்சிருக்கு. தூக்கத்தைக் கெடுத்திருக்கு. சோறு இருக்க வேண்டிய இடத்தில டீ இருந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து ஒரு சொட்டு கூடாது என்று சொல்லிவிட்டார்.

டீயை நிறுத்திய மறுநாள் தலைவலி தொடங்கியது. அப்படி ஒரு தலைவலியை நான் கண்டதில்லை. கல்லுடைக்கிற சுத்தியலை உள்ளே வைத்து அடிப்பது போல. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, வாந்தி வந்தது. சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா வந்து, "இது நோய் இல்லை. பழகின உடம்பு கேக்குது. கொஞ்ச நாள்ல விட்டுடும்" என்றார். உடம்பு இப்படிக் கேட்குமென்றால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் தலை வலிக்குமா என்று கேட்டேன். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மைமூன் மந்தாரக்குப்பத்தில் ஜவுளிக் கடை வைத்திருப்பவரின் மனைவி. கால் வீக்கத்துக்காகப் படுத்திருந்தாள். அவள் வீட்டிலிருந்து தினமும் பிளாஸ்கில் டீ வரும், ஏலக்காய் போட்டது. மூடியைத் திறந்தால் அந்த அறை முழுவதும் மணக்கும். என் தலைவலியைப் பார்த்த அன்று, கொண்டு வந்த தம்பியிடம், "இதை வெளிய எடுத்துட்டுப் போய் நீயே குடி. இனிமே எனக்கு டீ வேணாம், கஞ்சி கொண்டா" என்று சொல்லிவிட்டாள்.

"எனக்காக நீ ஏன் விடணும்?"

"உங்களுக்காக யாரு விட்டா? கஞ்சி குடிச்சா புள்ள செவப்பாப் பொறக்கும்னு எங்க மாமி சொன்னாங்க" என்றாள். பொய் என்று இருவருக்கும் தெரியும். அவள் வீட்டுக்குப் போகும் வரை அவளுக்கு டீ வரவில்லை.

இரும்பு மருந்தைப் புட்டியில் கொடுத்தார்கள். குடிக்க முடியாத கசப்பு, வாயில் துரு நாற்றம். பல்லில் பட்டால் கறுக்கும் என்று மெல்லிய குழாயால் உறிஞ்ச வேண்டும். இதே மாதிரி மருந்தை முன்பே, ஐந்தாம் மாதம், பிள்ளைக்கு நல்லது என்று கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டரிடம் நான் வாங்கியிருந்தேன். அதையும் சொன்னேன். அப்புறம் ஏன் ரத்தம் ஏறவில்லை என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

"எதோட குடிச்சே?"

கசப்பு தெரியாமல் இருக்க டீயில் ஊற்றிக் குடித்தேன் என்றேன். ஆட்களுக்குத் தெரியாமல், முதல் கிளாஸின் அடியில் முன்பே ஊற்றி வைத்துக்கொள்வேன். எப்படியும் குடிக்க வேண்டிய கிளாஸ்தானே.

அவர் நர்ஸை அனுப்பி எதிர்க் கடையிலிருந்து பால் இல்லாத டீ ஒரு கிளாஸ் வாங்கி வரச் செய்தார். என் எதிரில் அந்த மருந்தில் ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டார். டீ கறுத்தது. பள்ளிக்கூடத்து மை போலக் கறுத்தது.

"இரும்பை டீ பிடிச்சுக்குது. உன் ரத்தத்துக்கு எதுவும் போகலை. இத்தனை நாளும் நீ மை குடிச்சிருக்கே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கிளாஸை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினார்.

பிறகு இடுப்பில் ஊசியாகவே இரும்பைப் போட்டார்கள். மருந்து தோலில் ஊறிப் பழுப்பாகக் கறை விழுந்தது. அது இன்னும் போகவில்லை.

மாணிக்கம் தினமும் வேலை முடிந்து நேரே வருவார். கை, மயிர் எல்லாம் சுண்ணாம்பு. கட்டிலில் உட்கார மாட்டார், படுக்கை வெள்ளையாகிவிடும் என்று சுவரோரம் குந்துவார். குறிஞ்சிப்பாடியிலிருந்து அத்தை, அவருடைய அம்மா, ஆட்டு ஈரலைச் சுட்டு, முருங்கைக் கீரை வதக்கி, பஸ் ஏறிக் கொண்டு வருவார். நான் வந்த நாளிலிருந்து அத்தைக்கு என்னைப் பிடிக்காது. தன் மகனை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனவள் நான். ஆனால் தூக்கில் கட்டிக் கொண்டு வந்ததை என் வாயில் உருட்டி வைத்து, "முழுங்கு. மெல்ல வேணாம், முழுங்கு" என்பார்.

"எனக்குப் பசிக்குதுங்க அத்தை" என்று நான் முதன்முதலாகச் சொன்ன அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று தெரியாது.

அந்த நாட்களில் கொஞ்சம் நம்பினேன். தலைவலி விட்டது. தூக்கம் வந்தது. அட்டையில் என் ரத்தம் ஒரு கட்டம் நகர்ந்தது. பிள்ளை முன்பைவிட அதிகமாக அசைந்தது. டீ இல்லாமல் அதற்கும் தூக்கம் வந்து, எழுந்து, கை கால் நீட்டுகிறது என்று நினைத்துக்கொள்வேன். டாக்டரம்மா நாடாவால் வயிற்றை அளந்து, "இன்னும் கொஞ்சம் நாள் உள்ளேயே இருக்கட்டும். அது போதும் எனக்கு" என்றார். எனக்கும் அது போதும் என்றிருந்தது. ஓர் இடத்தில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கப்படாத நாட்கள் என் வாழ்க்கையில் அவைதான். நான் இருந்தேன். அசையாமல் இருந்தேன்.

அது இருக்கவில்லை. எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே வலி வந்துவிட்டது. ஊசி போட்டு நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பெண். டாக்டரம்மாவின் இரண்டு கைக்குள் அடங்கியது. அழுதது, ஆனால் பூனைக்குட்டி அழுவது மாதிரி. பஞ்சில் சுற்றி, சுடுதண்ணீர்ப் புட்டிகளைச் சுற்றி வைத்தார்கள். பால் உறிஞ்சத் தெரியவில்லை. துணித் திரியில் நனைத்து நாக்கில் வைத்தேன், ஒரு முறை சப்பியது. மறுநாள் பகலில், வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில், மூச்சு விட மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்னால் தட்டினால் நினைவு வரும் என்று தட்டினேன். நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அத்தை கொண்டு வந்திருந்த கைத்தறித் துண்டில் சுற்றி, மாணிக்கம் எடுத்துப் போனார். அந்தத் துண்டு பிள்ளைக்கென்று அவர்கள் வீட்டுத் தறியில் நெய்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் சுண்ணாம்பு இல்லை, செம்மண் இருந்தது.

டீதான் காரணமா என்று கேட்டேன். டாக்டரம்மா என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "ரத்தம் இல்லாம இருந்தே. சாப்பிடலை. தூங்கலை. பாரம் தூக்கினே. இதில எதுன்னு நான் எப்படிப் பிரிச்சுச் சொல்ல? டீ மட்டும்னு சொல்ல மாட்டேன். டீ இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." அந்தப் பதிலை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

வயிற்றில் பிள்ளையோடு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது யாராவது படித்துக் காட்டினால், மூன்று விஷயங்களைச் சொல்வேன் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அது அடுத்து வருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒருநாள் மத்தியானம் பாவாடை பார்க்க வந்தார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார், காலெல்லாம் கரிச்சேறு. கையில் வாழைப்பழச் சீப்பு. வாசலிலேயே நின்றார். வழக்கமான வேடிக்கை எதுவும் வாயில் வரவில்லை.

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும்க்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. டீ போட்டேன். இரண்டு கிளாஸில் ஊற்றினேன். ஒன்றை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் கை அதை என் வாய்க்குக் கொண்டு போயிற்று. குடித்த பிறகுதான் தெரிந்தது, என்ன செய்கிறேன் என்று. அவருக்கும் தெரிந்தது.

"அய்ய, இங்க எதுக்குக்கா அது? அங்கியே இப்ப அதெல்லாம் கெடையாது."

"எது?"

"மொதக் கிளாஸு. நீ போன பெறகு மேஸ்திரி தன் கொழுந்தியாளக் கூட்டியாந்து வுட்டாரு. மொத நாளே அது, 'எனக்கு டீன்னா பித்தம், நான் தொட மாட்டேன்'னிச்சி."

"மேஸ்திரி என்ன சொன்னாரு?"

"என்னா சொல்லுவாரு? சரி போன்னுட்டாரு."

"அப்ப யாரு மொதல்ல குடிக்கறது?"

"பசிச்சவன் குடிக்கறான். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல."

அவர் தன் கிளாஸை எடுத்து ஊதினார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"தொட மாட்டேன்னு அவ எப்பிடிண்ணே சொன்னா?"

"எப்பிடின்னா? வாயாலதான்க்கா" என்று சிரித்தார். பழைய சிரிப்பு. பாதியில் அவருக்கே அது நின்றுபோயிற்று. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கிளாஸில் பாதிக்கு மேல் இருந்தது. குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. சூடு ஆறும் வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.